மூன்றாவது உரப்பை

மாமாவுக்கு எதையும் கடைசிவரை கேட்கும் பொறுமை கிடையாது. அம்மாவின் ஒரே தம்பி அவர். அம்மா கடைக்கு அனுப்பினால், "சீனி ஒரு கிலோ" என்பது காதில் விழுந்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "தேங்காயெண்ணெயும்" என்று அம்மா சொல்லும்போது லயத்து வரிசை வீடுகளின் கோடியைத் தாண்டியிருப்பார். மாத்தளைக்குப் போக வேண்டியவர், ரத்தோட்டையில் பஸ்ஸின் பலகையைப் பாதி படித்துவிட்டு ஏறி, ரிவர்ஸ்டன் மலையுச்சிப் பனிக்குள் இறங்கி நடுங்கிக்கொண்டு நின்ற கதையை எங்கள் லயத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்.

ஆனால் அவர் கேட்காமல் விட்ட ஒரு பாதியால் ஒரு வருடம் எங்கள் குடும்பமே கவிழப் பார்த்தது. அந்தக் கதையில் குற்றவாளி நான். அப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உரம் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் பெருமூச்சு விட்ட வருடம் அது. கடைகளில் உரம் இல்லை. தோட்டத்துத் தேயிலைக்கே இல்லாதபோது எங்களுக்கு எங்கிருந்து வரும்? காலி உரப்பைகள்தான் வீட்டுக்கு வீடு கிடந்தன. அவற்றில் வெங்காயமும் பழைய துணியும் கட்டி வைத்திருந்தார்கள். நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து, அந்த வருடத்தில்தான் அம்மா பெரிய துரையிடம் போய்க் காணி கேட்டாள். தோட்டத்து மனேஜரை நாங்கள் இன்னும் பெரிய துரை என்றுதான் சொல்வோம்.

காணி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலையைக் கைவிட்ட ஒரு சரிவு இருந்தது. மானாப் புல் இடுப்பளவுக்கு மண்டியிருந்தது. நடுநடுவே கிழட்டுத் தேயிலைச் செடிகள் கவ்வாத்து வெட்டு இல்லாமல் மரமாகி நின்றன. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் முதன்முதலாகக் கொழுந்து பறித்த மலை அதுதானாம். அந்தச் சரிவைத்தான் மரக்கறி செய்யத் தரச் சொல்லி மூன்று முறை போய்க் கேட்டாள். மூன்றாம் முறை துரை ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார். ஒரு போகம் போஞ்சி, அதாவது பீன்ஸ், போட்டுக் காட்ட வேண்டும். விளைந்தால் தொடர்ந்து நாங்களே செய்யலாம். விளையாவிட்டால், சித்திரைப் புதுவருடம் கழிந்ததும் டர்பன்டைன் கன்று நட்டுவிடுவார். டர்பன்டைன் மரம் ஏறிய மண்ணில் பிறகு யாருக்கும் எதுவும் இல்லை என்பது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"இருபது வருசமா அந்த மண்ண மிதிச்சு மிதிச்சு நடந்திருக்கேன். ஒரு தடவையாவது குனிஞ்சு நமக்குன்னு நட்டுப் பாக்கணும்" என்று அன்றிரவு சோறு போடும்போது அம்மா சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவார். ஆகவே தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாமாவுக்கு அம்மா போன் எடுத்து "வாடா தம்பி" என்றாள். மறுநாளே மாமா வந்து இறங்கிவிட்டார். எதற்கு என்பதை வந்த பிறகுதான் கேட்டார்.

உரம் இல்லாமல் அந்த வறட்டு மண்ணில் எதை நட்டு எதை விளைவிப்பது? எங்கள் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைப்பது கோயில் வளைவுப் பாறையின் மேல் மட்டும்தான். மாமா அதன் உச்சியில் குந்தியிருந்து ஒரு பகல் முழுக்க வீடியோ பார்த்தார். இறங்கி வரும்போது முகம் ஜொலித்தது.

"அக்கா, வழி கெடச்சிருச்சு. குப்பை செத்தைய எரிச்சா சாம்பல். அதையே மூச்சு முட்ட முட்ட, காத்து கம்மியா குடுத்து எரிச்சா கரி. அந்தக் கரிய மண்ணுல போட்டா நூறு வருசம் கெடக்குமாம். தண்ணிய புடிச்சு வச்சுக்கும், சத்தயும் புடிச்சு வச்சுக்கும்."

"புடிச்சு வச்சுக்கிறது சரி. அந்தச் சத்த யாரு குடுக்குறது?" என்றாள் அம்மா.

"அது வீடியோவுல மிச்சத்துல இருக்கும்."

"மிச்சத்த பாக்கலியா?"

"பாதில டேட்டா முடிஞ்சிருச்சு. வேற என்னத்த சொல்லியிருக்கப் போறாங்க?"

அம்மா கேட்டதுதான் அந்த வருடம் முழுவதிலும் எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி. அதற்கு யாரும் பதில் தேடவில்லை.

மறுநாளே மாமா ஒரு பழைய தார் பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தார். சரிவைத் துப்புரவாக்கியபோது வெட்டிய மானாப் புல், தேயிலைக் கிளைகள், அடுப்புக்கு உதவாத மிலாறுக் குச்சிகள் எல்லாம் பீப்பாவுக்குள் போயின. பல்லேகமையிலிருந்து லொறியில் வரும் அவருடைய கூட்டாளி ஒருவர் நாலு மூட்டை உமியும் கொண்டுவந்து போட்டார். மேலே நெருப்பு வைத்தால் கீழ்நோக்கி எரிந்து வர வேண்டும். தணலின் மேல் வெள்ளை படரத் தொடங்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். முந்தினால் விறகு, பிந்தினால் சாம்பல்.

லயத்தில் அடுத்த காம்பரா வீட்டிலிருந்த பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "சோறும் பொங்கல, தண்ணியும் சுட வைக்கல. வெறும் நெருப்புக்கு வெறகு போடுற மனுசன இப்பத்தான் பாக்குறேன்" என்றார். மாமா அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். தான் சொல்வதை மட்டும் மாமா முழுதாகச் சொல்லி முடிப்பார். சொல்லி முடித்துத் திரும்பியபோது பீப்பாவில் இருந்ததெல்லாம் வெண்சாம்பலாகியிருந்தது. பெரியம்மா அன்று ராத்திரிவரை சிரித்தார்.

இரண்டாம் தடவை மாமா வாயே திறக்கவில்லை. தணலில் வெள்ளை படர்ந்ததும் கையைத் தூக்கினார். மலைத்தண்ணீர் விழும் பீலியிலிருந்து தயாராகப் பிடித்து வைத்திருந்த தண்ணீரை நானும் அம்மாவும் வாளி வாளியாகக் கொட்டினோம். ஆவி அடங்கியதும் பார்த்தால் பீப்பா நிறைய மினுமினுப்பான கரி. வெயிலில் காய்ந்த பிறகு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் வளையல் போலக் கிணுங்கியது. கனம் என்பதே இல்லை. அள்ளிக்கொண்டு போகும்போது நான் பெருமைக்காக ஒரு கூடைக் கரியை ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். பல் விளக்குவதற்கென்று பெரியம்மா ஒரு கைப்பிடி கேட்டபோது மாமா மனம் நொந்துதான் கொடுத்தார்.

இப்படி ஒரு மாதம் பாடுபட்டு, இடித்துப் பொடியாக்கி, மூன்று காலி உரப்பைகளை நிரப்பினோம். மாட்டுப்பட்டிக்குப் பின்னால் தகரத் தாழ்வாரத்தில் அவற்றை அடுக்கி வைத்துவிட்டு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மருமகளே, இது நம்ம காணி. இதுல ஒரு துண்டு கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்."

தலையாட்டினேன். அந்த நேரம் உண்மையாகவே தலையாட்டினேன்.

இனி மாட்டுப்பட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. பலகையும் தகரமும் அடித்த அதன் பட்டியைத் துப்புரவு செய்வது என் பொறுப்பு. தினமும் காலையில் சாணியை அள்ளிவிட்டு, ஈரத்தின் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். பிறகுதான் பள்ளிக்கூடம். வெள்ளைச் சட்டையில் மாட்டு வாசத்தோடு போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்காரும். அதனால் அந்த வேலையை நான் மனதார வெறுத்தேன்.

அந்தத் தைப் பொங்கலுக்கு முந்திய வாரம் முழுக்க மழை பிடித்துக்கொண்டது. பட்டிக்குள் சேறு. சாணியும் மூத்திரமும் மண்ணும் ஒன்றாகக் குழைந்து, கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கியது. மாட்டுப் பொங்கலைப் பட்டி வாசலில்தான் வைப்போம். அதற்குப் பலாபத்வலயிலிருந்து அத்தை வருவார். அப்பாவின் அக்கா. மெயின் ரோட்டோரம் தரைக்கு ஓடு பதித்த சொந்த வீட்டில் இருப்பவர். முந்திய வருடம் பொங்கல் பொங்கி முடியும்வரை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே நின்றிருந்தார். அம்மா அதை மறக்கவில்லை.

"இந்த வருசம் உங்க அத்தை மூக்குல கை வச்சா உன்னத்தான் கேப்பேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

நான் சோம்பேறிதான், ஆனால் மூளையைப் பாவித்துச் சோம்பேறித்தனம் செய்பவள். வீட்டுச் சாம்பல் முழுவதையும் முதல் நாளே கொட்டித் தீர்த்துவிட்டேன். சேறு அசையவில்லை. பெரியம்மா வீட்டுச் சாம்பலும் போயிற்று. அப்போதுதான் தாழ்வாரத்தில் இருந்த உரப்பைகள் கண்ணில் பட்டன. நெருப்பில் வெந்து வந்தது சாம்பல் என்றால் கரியும் அதே நெருப்பில் வெந்ததுதானே. ஒரே ஒரு கூடைதான் எடுப்பது என்று எடுத்தேன்.

கரி அந்த ஈரத்தைக் குடித்த வேகத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. காலையில் பரப்பினால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தரை உலர்ந்திருந்தது. வாசம் போன இடம் தெரியவில்லை. பசு ராத்திரிக்கு மறுபடி நனைத்தது, நான் மறுபடி பரப்பினேன். நாலு நாளில் அந்த ஒரே ஒரு கூடை முழு உரப்பையாகிவிட்டது. காலிப் பையைச் சுருட்டி மற்ற இரண்டுக்கும் பின்னால் செருகிவைத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று அத்தை சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனபடியே வந்தார். பட்டி வாசலில் நின்றார். ஒருமுறை மூச்சிழுத்துப் பார்த்தார். கையைக் கீழே இறக்கிவிட்டார்.

"என்னம்மா போட்ட? மாடு கட்டுன எடம் மாதிரியே இல்லியே" என்று கேட்டார்.

"சாம்பல்தான் அத்தை" என்றேன்.

அம்மா எனக்கு இரண்டு அகப்பை பொங்கல் கூடுதலாக வைத்தாள். முந்திரிப்பருப்பு தேடிப் பார்த்து வைத்தாள். அந்தச் சந்தோஷம் சரியாக ஒரு பகல் இருந்தது.

அன்று அந்தியில் மாமா, "நாளான்னைக்குக் கரி போட்டு வெதைக்கப் போறோம்" என்றார். அந்த மூன்று பைகளும் காணி என்று மாமா சொல்லியிருந்தார். அப்படியென்றால் அம்மாவின் காணியில் மூன்றில் ஒரு பங்கை நான் மாட்டுக்குக் கீழே போட்டு மிதிக்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பள்ளிக்கூடம் போகாமல் பட்டிக்குள் இறங்கினேன். வயிற்று வலி என்று சொல்லியிருந்தேன், அது முழுப் பொய்யுமில்லை. மண்வெட்டியால் தரையை வழித்தேன். கரி வந்தது. கூடவே சாணியும், மூத்திரத்தில் ஊறிய மண்ணும், வைக்கோல் துணுக்கும் வந்தன. பிரித்தெடுக்க வழியில்லை. எல்லாவற்றையும் அப்படியே உரப்பைக்குள் அமுக்கி, வாயை இறுகக் கட்டி, இழுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தேன். மற்ற இரண்டு பைகளையும் நானே தூக்கித் தலையில் வைத்துவிடுவேன். மூன்றாவதை உருட்டத்தான் முடிந்தது. கையைப் பீலியில் ஏழு தடவை கழுவினேன்.

விதைக்கும் அன்று மாமா முதல் இரண்டு பைகளையும் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி சரிவில் ஏறினார். மூன்றாவதைத் தூக்கப் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மோந்து பார்த்தார்.

"மழைல ஊறிப்போச்சு போல. பட்டிக்குப் பக்கத்துல வச்சதுல மாட்டு நாத்தம் வேற புடிச்சிருக்கு" என்றார்.

"ஆமா மாமா" என்றேன். அன்று ஒரு நாள் அவருடைய அவசரப் புத்திக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

கீழேயிருந்து பதினாறு வரிசைகளுக்கு நல்ல கரி போயிற்று. மேலே கடைசி நாலு வரிசைகளுக்கே, ஈரக் கட்டிகளாக விழுந்து, என்னுடைய மூன்றாவது பை முழுதும் போய்விட்டது. அம்மா சொன்னபடியே குனிந்து போஞ்சி விதைகளை ஒவ்வொன்றாக ஊன்றினாள். மாமா இரண்டு தடவை "நிமிந்து இளைப்பாறு அக்கா" என்று சொல்லியும் அவள் நிமிரவில்லை.

இருபது வரிசையும் முளைத்தன. லயத்து ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். பெரியம்மாகூட, "கரியத் தின்னு வளருது பாரு" என்று மெச்சினார். மூன்று வாரம் போன பிறகுதான் கீழ் வரிசைகளின் இலைகள் மெல்ல மஞ்சள் அடித்தன. கொடி கம்பைப் பிடித்து ஏறாமல் முழங்கால் உயரத்தில் நின்றுபோயிற்று. மாமா தண்ணீர் ஊற்றினார், களை எடுத்தார், கோயிலில் தேங்காய் உடைத்தார். மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. எப்போதும் சத்தமாக இருக்கும் மனிதர், அந்தியில் சரிவின் அடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. எனக்கு அவரைப் பார்க்க அழுகை வந்தது.

எனக்கோ வேறொரு பயம் இருந்தது. மேல் நாலு வரிசை மட்டும் கரும்பச்சையாக, கம்பைச் சுற்றி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது நன்றாக வளர்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது வித்தியாசமாக இருக்கிறது, அவ்வளவுதான் தோன்றியது. வித்தியாசமாக இருந்தால் காரணம் கேட்பார்கள். காரணம் கேட்டால் பட்டி, பட்டியைக் கேட்டால் நான். திருட்டுப் பொருள் சரிவின் உச்சியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருந்தது.

ஆகவே ஒரு சனிக்கிழமை அம்மா கொழுந்துக்குப் போன நேரம் பார்த்து மேலே ஏறி, அந்த நாலு வரிசையின் நுனிகளை எல்லாம் கிள்ளிவிட்டேன். கீழ் வரிசைகளைப் போல அதுவும் குட்டையாக நின்றுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா. கொழுந்து கிள்ளுகிற வீட்டுப் பிள்ளை, கை வேகமாகத்தான் ஓடியது. பத்து நாளில் கிள்ளிய இடத்திலெல்லாம் இரண்டு இரண்டாகக் கிளைவிட்டு, முன்னிருந்ததைவிட அடர்த்தியாகப் பூத்துத் தொலைத்தது.

பங்குனி மாதத்தில் ஒரு காலையில் துரை வந்தார். லயத்து ஆட்கள் தூர நின்றார்கள். அம்மா அன்று வேலைக்குப் போகாமல், கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துரை கீழ் வரிசைகளின் ஓரமாக நடந்தார். ஒரு செடியைத் தடியால் தட்டிப் பார்த்தார். இரண்டே இரண்டு சூம்பிய காய் தொங்கியது. திரும்பி ஜீப் நிற்கும் பக்கம் பார்த்தார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

அப்போது அம்மா சொன்னாள்: "மேலயும் இருக்குங்க ஐயா. மேல வந்து பாருங்க."

துரை சலித்துக்கொண்டுதான் ஏறினார். மேல் வரிசையில் நுழைந்ததும் நின்றுவிட்டார். போஞ்சி சடை சடையாகத் தொங்கியது. ஒன்றை ஒடித்தார். படக்கென்று உடைந்தது. வாயில் போட்டு மென்றார்.

"இங்க மட்டும் என்ன போட்டது?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா என்ன சொல்வார்? அவருக்கே தெரியாது. குனிந்து செடியடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி மோந்தார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அவசரமாகத் தூரத்தில் கட்டியிருந்த செவலையைப் பார்த்தேன். அதுவும் தலையைத் தூக்கி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு விதமா போட்டுப் பாத்தோங்க ஐயா. கீழ ஒரு விதம். மேல ஒரு விதம். மேல போட்டதுதான் சரி" என்றார் மாமா. அவர் குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை.

துரை இன்னொரு போஞ்சியை ஒடித்தார். "அப்போ அடுத்த போகம் முழுக்க மேல மாதிரி செய்யுங்க. காணி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அம்மா அழுதாள். பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டு அதைவிடச் சத்தமாக அழுதார். அந்த அந்தியிலேயே அம்மா எங்கிருந்தோ ஒரு பலாக் கன்றைக் கொண்டுவந்து சரிவின் மூலையில் நட்டாள். போஞ்சி என்றால் இரண்டு மாதத்தில் காய்க்கும், பலா காய்க்க எத்தனையோ வருடம் ஆகுமே, அதை நட்டுவிட்டு எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் நிலையிலும் நான் இல்லை. மாமா இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.

விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டார். பட்டி வாசலில் நின்றார். அவர் கையில் பிரம்பு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒரு கூடைதான் இருந்தது.

"மருமகளே, மூணாவது பை எங்க போய்ட்டு வந்துச்சு?"

நான் மாட்டுக்குக் கீழே விரலைக் காட்டினேன். மாமா குனிந்து அந்தத் தரையை விரலால் கீறிப் பார்த்தார்.

"நாளைலேருந்து தெனமும் அந்தில ஒரு கூடை கரி இங்க பரப்பணும். காலைல வழிச்சு நான் வெட்டித் தர்ற குழியில போடணும். நீதான் செய்யணும். வேற யாரும் தொடக்கூடாது."

அடி இல்லை என்றதும் முதலில் நிம்மதியாக இருந்தது. படுத்த பிறகுதான் உறைத்தது. எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவேயில்லை.

இரண்டு வருடம் செய்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தேன். மாமா மீண்டும் பீப்பா பீப்பாவாகக் கரி சுட்டார். தினமும் அந்தியில் அவரே கூடையை நிரப்பி, பட்டி வாசலுக்கு வந்து, இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் தருவார். கூடை கனம், அதனால் அப்படித் தருகிறார் என்று நினைத்துக்கொள்வேன். வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். அடுத்த போகத்தில் இருபது வரிசையும் கரும்பச்சையாக நின்றன. தண்டனை மட்டும் தீரவில்லை.

அதைவிடக் கொடுமை வேறொன்று இருந்தது. சரிவைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யார் வந்தாலும் மாமா என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார். "எல்லாம் இவ செஞ்ச வேல" என்பார். வெளியூர் ஆட்களுக்கு முன்னால் வைத்து மானத்தை வாங்குகிறார் என்று நான் தரையைப் பார்ப்பேன். ஒருமுறை உமி கொண்டுவந்த அந்தப் பல்லேகமை லொறிக்காரர் தன் தகப்பனையே அழைத்துவந்தார். வயலில் கிடந்து பழுத்த ஆள். நான் என்ன செய்தேன் என்று அந்தப் பெரிய மனிதர் சிங்களத்தில் பணிவாகக் கேட்டார். மாமா, "நீயே சொல்லு மருமகளே" என்றார்.

"தெரியாம செஞ்சிட்டேன். இனிமே செய்யமாட்டேன்" என்றேன்.

மாமா சிரித்த சிரிப்பில் செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டது.

பிறகு நான் மாத்தளையில் தங்கிப் படிக்கப் போனேன். தண்டனை அதோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். அங்கே சிக்னலுக்குப் பாறை ஏற வேண்டியதில்லை. ஒருநாள் வேறு எதையோ தேடும்போது அந்த வீடியோ எதிர்ப்பட்டது. அதே தார் பீப்பா, அதே தணல், அதே தண்ணீர். மாமா பார்த்த பாதி முடிந்தது. மீதிப் பாதி தொடங்கியது. வெறும் கரியை அப்படியே மண்ணில் போட்டுவிடாதீர்கள் என்றார் வீடியோவில் பேசியவர். பசித்த கரி, மண்ணில் இருக்கிற சத்தையெல்லாம் தானே குடித்துவிடும், பயிர் மஞ்சளாகும். முதலில் அதை மாட்டுப்பட்டியில் பரப்புங்கள், மூத்திரத்திலும் சாணியிலும் நன்றாக ஊறட்டும், பிறகு அள்ளிப் போடுங்கள். மாடு மிதித்தால் இன்னும் நல்லது என்றார்.

மூன்று முறை பார்த்தேன். சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை என்னவென்று கேட்டாள், போனை அவள் பக்கம் திருப்பினேன்.

மூன்றாம் முறை பார்த்து முடித்த பிறகுதான், பட்டி வாசலில் இரண்டு கையாலும் கூடையை ஏந்திக்கொண்டு நின்ற மாமா கண்முன்னே வந்தார். கோயிலில் தட்டு வாங்கும்போதும், பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுக்கும்போதும் மட்டும்தான் எங்கள் ஆட்கள் அப்படி இரண்டு கையையும் நீட்டுவார்கள். இரண்டு வருடம், ஒரு அந்தி தவறாமல், அவர் எனக்கு அப்படித்தான் கொடுத்தார். கூடை கனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தவளும் நான்தான். கரிக்கு ஏது கனம்.